மைன்கிராஃப்டில் ஒரு வகை பிளாக்கை மட்டும் மாற்றுவது எப்படி? மொரிசியஸ் தமிழ் வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரிசியசில் எங்கள் மாலைத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பலருக்கு, பிளாக் எனும் கனசதுரக் கட்டிகளை அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டு தண்ணீர் பட்ட பாடு. காவடி வந்தால் ஒரு கோவில், வரலாற்றுப் பாடத்துக்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து இறங்கிய ஆப்ரவாசி காட், சும்மா இருந்தால் ஒரு கரும்புத் தோட்டம் என்று கட்டித் தள்ளுகிறார்கள். கட்டி முடித்த பிறகுதான் "இந்தக் கல்லை மட்டும் மாற்றினால் நன்றாக இருக்குமே" என்று தோன்றும். ஒவ்வொன்றாக உடைத்து மாற்ற உட்கார்ந்தால் சனி ஞாயிறு போய்விடும். அதற்குத்தான் கட்டளைகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்பவை இவை.

தொடங்கும் முன் ஒன்று: கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். விளையாட்டில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். எண், சாய்கோடு, அடிக்கோடு, அடைப்புக்குறி எல்லாம் இங்கே உள்ளபடியே.

ஒரு வகை பிளாக்கை மட்டும் தேடி மாற்ற எந்தக் கட்டளை?

ஃபில் கட்டளைதான். அதன் வரிசை இப்படி:

/ஃபில் ஒரு-மூலை எதிர்-மூலை புதிய-பிளாக் ரீப்ளேஸ் பழைய-பிளாக்

மஞ்சள் கம்பளியில் கட்டிய கோபுரத்தை மஞ்சள் கான்கிரீட்டாக மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்:

/ஃபில் 100 64 200 120 80 220 எல்லோ_கான்கிரீட் ரீப்ளேஸ் எல்லோ_வுல்

முதல் மூன்று எண்கள் ஒரு மூலை, அடுத்த மூன்று அதற்கு நேர் எதிர் மூலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய பெட்டி இருப்பதாக விளையாட்டு எடுத்துக்கொள்ளும். அந்தப் பெட்டிக்குள் மஞ்சள் கம்பளி எங்கே இருந்தாலும் கான்கிரீட் ஆகும். சிவப்புக் கம்பளி, கதவு, விளக்கு, காற்று எதையும் தொடாது.

புதியது முதலில், பழையது கடைசியில். "இதை எடுத்துவிட்டு அதை வை" என்று பேசிப் பழகிய நமக்கு இது தலைகீழாகத்தான் தெரியும். பிள்ளைகள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான்.

கடைசியில் உள்ள ரீப்ளேஸ் பகுதியை விட்டுவிட்டால் என்ன ஆகும்?

பெட்டிக்குள் இருக்கும் எல்லாமே, காற்று உட்பட, மஞ்சள் கான்கிரீட் ஆகிவிடும். கருவறை, மண்டபம், படிக்கட்டு, உள்ளே நின்றுகொண்டிருக்கும் நண்பன் எல்லாம் ஒரே கட்டிக்குள். "சார், கோவில் கெட்டியா ஆயிடுச்சு" என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால் காரணத்தை விசாரிக்கவே வேண்டாம்.

அதனால்தான் ஃபில் கட்டளையில் முக்கியமானது கடைசிச் சொல் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். எதை வைக்கப்போகிறோம் என்பதில் யாரும் தவறுவதில்லை. எதை எடுக்கப்போகிறோம் என்பதை எவ்வளவு குறுக்கிச் சொல்கிறோமோ அவ்வளவுக்குச் சேதம் குறையும். பெட்டி கொஞ்சம் பெரிதாகப் போனாலும் வடிகட்டி (ரீப்ளேஸுக்குப் பின் வரும் பழைய பிளாக்கின் பெயர்) சரியாக இருந்தால் பயமில்லை. பெட்டி மிகச் சரியாக இருந்து வடிகட்டி இல்லாவிட்டால்தான் வம்பு.

கட்டளை தட்டினால் அனுமதி இல்லை என்கிறது. ஏன்?

அந்த உலகத்தில் சீட்ஸ் (கட்டளைகளை அனுமதிக்கும் அமைப்பு) அணைந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் ஓடும் ஜாவா பதிப்பில் உலகத்தை உருவாக்கும்போதே கமாண்ட்ஸை அனுமதிக்கலாம். மறந்துவிட்டால் இடைநிறுத்தத் திரையில் "ஓப்பன் டு லேன்" போய் அங்கே அனுமதித்தால் அந்த முறை ஆடி முடிக்கும்வரை வேலை செய்யும். போன், டேப்லெட், கன்சோலில் ஓடும் பெட்ராக் பதிப்பில் உலக அமைப்புக்குள் போய் சீட்ஸை இயக்க வேண்டும். ஆனால் பெட்ராக்கில் ஒருமுறை இயக்கிவிட்டால் அந்த உலகத்தில் அச்சீவ்மென்ட் (விளையாட்டு தரும் சாதனைப் பட்டம்) கிடைக்காது. பிறகு அணைத்தாலும் திரும்பாது. அதைச் சேர்ப்பதில் ஆசை உள்ளவர்கள் உலகத்தைப் பிரதி எடுத்து, பிரதியில் கட்டளை போட்டு விளையாடலாம்.

சர்வரில் ஆடுபவர்களுக்கு ஆபரேட்டர் உரிமை வேண்டும். அதை சர்வர் வைத்திருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

மூலைகளின் எண்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜாவாவில் எஃப்3 விசை. திரை நிறைய எழுத்து வரும், மிரள வேண்டாம். இடப்பக்கம் "பிளாக்" என்று தொடங்கும் வரியில் இருக்கும் மூன்று முழு எண்கள்தான் நமக்கு வேண்டியவை. அதற்கு மேலே தசமப் புள்ளியோடு வரும் வரியைப் பார்த்துப் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டி எழுதினால், எதிர்மறை எண்களில் ஒரு பிளாக் தள்ளிப்போகும். மைனஸ் 10.3 என்று காட்டினால் நீங்கள் நிற்பது மைனஸ் 11-இல், மைனஸ் 10-இல் அல்ல. உலகத்தின் மேற்கிலும் வடக்கிலும் கட்டுபவர்களுக்குச் சுவரின் ஓர் ஓரம் மட்டும் மாறாமல் நிற்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

இன்னும் எளிய வழி உண்டு. மூலையில் இருக்கும் பிளாக்கை நேராகப் பார்த்துக்கொண்டு, கட்டளை தட்டும் சாட் (அரட்டை) பெட்டியைத் திறந்து /ஃபில் என்று தட்டி ஓர் இடைவெளி விடுங்கள். நீங்கள் பார்க்கும் பிளாக்கின் எண்களையே விளையாட்டு பரிந்துரைக்கும்; டேப் விசையை அழுத்தினால் உட்கார்ந்துவிடும்.

பெட்ராக்கில் உலக அமைப்பில் "ஷோ கோஆர்டினேட்ஸ்" என்பதை இயக்கினால் திரையின் மேல் மூலையில் தெரியும்.

நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி மட்டும் மாற்ற வேண்டுமானால் எண்ணே தேட வேண்டாம், ~ குறி போதும். ~5 என்றால் "என்னிடமிருந்து 5 தள்ளி". நடு எண் உயரம். கால் வைக்கும் தரை ~-1:

/ஃபில் ~-5 ~-1 ~-5 ~5 ~-1 ~5 பாலிஷ்ட்_பிளாக்ஸ்டோன் ரீப்ளேஸ் கிராஸ்_பிளாக்

இது உங்களைச் சுற்றி 11-க்கு 11 அளவில் புல்தரையை மட்டும் கல்தளமாக்கும்.

விளையாட்டை பிரெஞ்சில் வைத்திருக்கிறேன். பிளாக் பெயரை பிரெஞ்சில் தட்டினால் ஏற்கவில்லையே?

ஏற்காது. திரையில் தெரியும் பெயர் மொழிக்கேற்ப மாறும். கட்டளைக்குள் போகும் பெயர் மாறவே மாறாது, எப்போதும் ஆங்கிலம்தான். ஜாவாவின் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தாலும் கட்டளைக்கு ஆங்கிலப் பெயர்தான். வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும், மாலையில் தமிழ் என்று வளரும் நம் பிள்ளைகளுக்கு இது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை அல்ல. எந்த இடத்தில் எந்தப் பெயர் என்று தெரிந்தால் போதும்.

சரியான பெயர் தெரியாவிட்டால் ஜாவாவில் எஃப்3-ஐப் பிடித்துக்கொண்டு எச் அழுத்துங்கள். அதன்பின் சரக்குப் பெட்டியில் (இன்வென்ட்டரி) எந்தப் பொருளின் மேல் மவுஸை வைத்தாலும் அதன் கட்டளைப் பெயர் கீழே சாம்பல் நிறத்தில் வரும். எஃப்3 திரையின் வலப்பக்கத்திலும் நீங்கள் பார்க்கும் பிளாக்கின் பெயர் இருக்கும். பெட்ராக்கில் முதல் சில எழுத்துகளைத் தட்டினால் வரும் பரிந்துரைகளை நம்பலாம்.

பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் இருக்கும் உறவுக்காரப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆடுபவர்களுக்கு இன்னொன்று. பிரெஞ்சு அசெர்ட்டி கீபோர்டில் ~ குறிக்கு ஆல்ட்-ஜிஆர் பிடித்து 2-ஐ அழுத்த வேண்டும். ஒன்றும் வராதது போல இருக்கும், அப்புறம் ஸ்பேஸ் தட்டினால் வரும். சாய்கோட்டு விசை சாட்டைத் திறக்கவில்லை என்றால் டி அழுத்திச் சாட்டைத் திறந்து சாய்கோட்டை நீங்களே தட்டிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் கிடைத்த கட்டளையை அப்படியே போட்டேன், தவறு என்கிறது.

பெரும்பாலும் அது பழைய காலத்துக் கட்டளை. ஜாவாவில் 2018-இல் வந்த 1.13 பதிப்புக்கு முன்னால் சிவப்புக் கம்பளியை "வுல் 14" என்று எண் போட்டு எழுத வேண்டும். அதற்குப் பின் அது "ரெட்_வுல்" ஆனது. பெட்ராக்கில் இந்த எண் முறை இன்னும் சில ஆண்டுகள் நீடித்ததால் அங்கே பழைய வீடியோக்கள் கூடுதலாகக் குழப்பும். பிளாக் பெயருக்குப் பின்னால் தனியாக 0 அல்லது 14 நின்றால் அதை நம்பாதீர்கள்.

புல் இன்னொரு கண்ணி. தரையாக இருக்கும் புல்லுக்கு "கிராஸ்_பிளாக்". அதன்மேல் முளைத்து நிற்கும் புல்லுக்கு இப்போது "ஷார்ட்_கிராஸ்".

"டூ மெனி பிளாக்ஸ்" என்று வருகிறது. கோவில் பெரிதாக இருந்தால் மாற்ற முடியாதா?

முடியும், துண்டு துண்டாக. ஒரு ஃபில் கட்டளைக்குள் அடங்கும் பெட்டியின் அளவு 32,768 பிளாக். 32-க்கு 32-க்கு 32. மாறப்போகும் பிளாக்குகளின் எண்ணிக்கை அல்ல இது, பெட்டியின் மொத்தக் கொள்ளளவு. மாற வேண்டியது பத்துக் கல்தான் என்றாலும் பெட்டி பெரிதென்றால் மறுத்துவிடும்.

60 நீளம், 40 அகலம், 30 உயரம் உள்ள கோவில் வளாகம் 72,000 பிளாக். உயரத்தை மட்டும் வெட்டுவதுதான் எளிது. 60-ஐ 40-ஆலும் 13-ஆலும் பெருக்கினால் 31,200, அளவுக்குள் வருகிறது. ஆக 64 முதல் 76 வரை ஒரு கட்டளை, 77 முதல் 89 வரை ஒன்று, 90 முதல் 93 வரை ஒன்று. சாட்டைத் திறந்து மேல் அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய கட்டளை திரும்ப வரும். உயர எண் இரண்டை மட்டும் மாற்றி என்டர் தட்ட வேண்டியதுதான்.

எண்ணும்போது இரண்டு முனையும் சேரும் என்பதை மறக்கக் கூடாது. 64 முதல் 76 வரை 12 அல்ல, 13.

ஜாவாவில் 1.19.4 பதிப்பிலிருந்து இந்த வரம்பை கேம்ரூல் என்ற விதிக் கட்டளை மூலம் உயர்த்தலாம். வகுப்புக் கம்ப்யூட்டர்களில் நான் அதைத் தொடவிடுவதில்லை. கோடிக்கணக்கில் போட்டு உறைந்துபோன திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்வதைவிட மூன்று முறை என்டர் தட்டுவது மேல்.

கோவில் மதிலில் சிவப்பும் வெள்ளையும் இடம் மாற வேண்டும். எப்படி?

சிவப்பை வெள்ளையாக்கு என்று முதலில் போட்டால் மதில் முழுக்க வெள்ளை. அடுத்து வெள்ளையைச் சிவப்பாக்கு என்றால் மதில் முழுக்கச் சிவப்பு. பட்டை போய்விட்டது.

இரண்டு டம்ளரில் இருக்கும் பாலையும் மோரையும் இடம் மாற்ற மூன்றாவது டம்ளர் வேண்டுமல்லவா, அதே கதைதான். கட்டடத்தில் வேறு எங்குமே இல்லாத ஒரு பிளாக்கை நடுவில் பயன்படுத்துங்கள். நான் ஸ்பாஞ்ச் எடுத்துக்கொள்வேன், கோவில் கட்ட யாரும் அதைத் தொடுவதில்லை.

/ஃபில் 100 64 200 140 68 200 ஸ்பாஞ்ச் ரீப்ளேஸ் ரெட்_கான்கிரீட்
/ஃபில் 100 64 200 140 68 200 ரெட்_கான்கிரீட் ரீப்ளேஸ் வைட்_கான்கிரீட்
/ஃபில் 100 64 200 140 68 200 வைட்_கான்கிரீட் ரீப்ளேஸ் ஸ்பாஞ்ச்

அருகில் தண்ணீர் இருந்தால் மட்டும் ஸ்பாஞ்ச் வேண்டாம், உறிஞ்சிவிடும். தங்க பிளாக்கோ வேறெதுவோ எடுத்துக்கொள்ளலாம்.

மரப் படிகளைக் கல் படிகளாக மாற்றினேன். எல்லாப் படியும் ஒரே திசையில் திரும்பிக்கொண்டது!

இது கேட்காத வாரம் இல்லை. ஒரு படிக்கு வெறும் பெயர் மட்டும் இல்லை. எந்தப் பக்கம் பார்க்கிறது, நேராக இருக்கிறதா தலைகீழாகவா என்ற நிலைகளும் அதோடு ஒட்டியிருக்கின்றன. ரீப்ளேஸ் போடும்போது பழைய படியின் நிலை புதிய படிக்குப் போகாது. நிலையைச் சொல்லாவிட்டால் புதியது அதன் இயல்பு நிலையில்தான் வந்து உட்காரும், ஜாவாவில் அது வடக்கு.

ஆகவே வடிகட்டியிலும் நிலை, புதிய பிளாக்கிலும் அதே நிலை. போர்ட் லூயி ஆப்ரவாசி காட்டின் படிகளைக் கட்டிய பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுத்தது:

/ஃபில் 40 62 10 60 75 30 பிளாக்ஸ்டோன்_ஸ்டேர்ஸ்[ஃபேசிங்=ஈஸ்ட்,ஹாஃப்=பாட்டம்] ரீப்ளேஸ் ஓக்_ஸ்டேர்ஸ்[ஃபேசிங்=ஈஸ்ட்,ஹாஃப்=பாட்டம்]

கிழக்குப் பக்கம் ஏறும் படிகள் மட்டும் மாறும். அந்தப் படிவரிசை முழுக்க ஒரே பக்கம் ஏறுவதால் இந்த ஒரு கட்டளையிலேயே வேலை முடிந்தது. கோபுரம் அப்படி இல்லை. நான்கு பக்கமும் படி வைத்துச் சரித்திருப்பார்கள், விளிம்புக்கு அடியில் தலைகீழ்ப் படியும் இருக்கும். நான்கு திசை, ஒவ்வொன்றிலும் மேல் கீழ் என்று எட்டுக் கட்டளை வேண்டும். மூலையில் வளையும் படிகள் பக்கத்துப் படிகளைப் பார்த்துத் தாமே சேர்ந்துகொள்ளும். முடித்ததும் நான்கு மூலையையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

பெட்ராக்கில் நிலைகளின் பெயரே வேறு. திசைக்கு "வியர்டோ_டைரக்ஷன்": 0 கிழக்கு, 1 மேற்கு, 2 தெற்கு, 3 வடக்கு. தலைகீழுக்கு "அப்சைட்_டவுன்_பிட்". பெயர்களை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும்:

/ஃபில் 40 62 10 60 75 30 பிளாக்ஸ்டோன்_ஸ்டேர்ஸ் ["வியர்டோ_டைரக்ஷன்"=0,"அப்சைட்_டவுன்_பிட்"=ஃபால்ஸ்] ரீப்ளேஸ் ஓக்_ஸ்டேர்ஸ் ["வியர்டோ_டைரக்ஷன்"=0,"அப்சைட்_டவுன்_பிட்"=ஃபால்ஸ்]

போனில் இதைத் தட்டுவது கொடுமைதான். குறிப்பேட்டுச் செயலியில் எழுதி வைத்துக்கொண்டு ஒட்டுவது நல்லது.

மரத்தூண்களுக்கும் இதே சிக்கல். படுக்கவைத்த உத்தரம் நிமிர்ந்துகொள்ளும். அங்கே கவனிக்க வேண்டிய நிலை ஜாவாவில் "ஆக்ஸிஸ்", பெட்ராக்கில் "பில்லர்_ஆக்ஸிஸ்". கதவு, கட்டில் இரண்டையும் ஃபில் மூலம் மாற்ற முயலாதீர்கள். இரண்டு பாதியாக இருப்பவை அவை. கையால் எடுத்து வைப்பதுதான் சுலபம்.

நம் ஊர்க் கருங்கல்லுக்கு எந்த பிளாக் பொருந்தும்?

மொரிசியஸ் எரிமலைத் தீவு, நம் கருங்கல் பசால்ட். மைன்கிராஃப்டிலும் 2020-இல் வந்த 1.16 பதிப்பிலிருந்து பசால்ட் என்றே ஒரு பிளாக் இருக்கிறது. ஆனால் பசால்ட்டில் படியும் இல்லை, பலகையும் (ஸ்லாப்) இல்லை! அதனால்தான் மேலே படிக்கு பிளாக்ஸ்டோன் போட்டோம். சுவருக்கு ஸ்மூத்_பசால்ட், படிக்கு பிளாக்ஸ்டோன் அல்லது கபுள்ட்_டீப்ஸ்லேட் என்று கலந்தால் பழைய போர்ட் லூயிக் கட்டடங்களின் சாயல் வருகிறது. கரும்புக் காட்டில் குவித்து வைத்திருக்கும் கற்குவியலுக்கு கபுள்ட்_டீப்ஸ்லேட்தான் என் கண்ணுக்குப் பொருத்தம்.

கல் வேலை நம்மவர்களுக்கு இந்தத் தீவில் புதிதல்ல. 1735-இல் ஆளுநராக வந்த மாஹே த லாபூர்தொன்னே காலத்தில் துறைமுகம் எழுந்தபோது புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்கள் வந்தார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சுவர் கட்டுவதில் திடீரென்று ஒரு சிரத்தை வருகிறது.

போட்ட கட்டளையைத் திரும்பப் பெற முடியுமா?

முடியாது. விளையாட்டில் அன்டூ கிடையாது.

மஞ்சளைச் சிவப்பாக்கிவிட்டோம், சிவப்பை மஞ்சளாக்கினால் பழையபடி ஆகிவிடும் என்று நினைப்பார்கள். முன்பே அங்கே சிவப்பு இருந்திருந்தால் அதுவும் சேர்ந்து மஞ்சளாகும். எது பழைய சிவப்பு, எது புதிய சிவப்பு என்று விளையாட்டுக்குத் தெரியாது.

பெரிய வேலைக்கு முன் உலகத்தையே பேக்கப் எடுங்கள். ஜாவாவில் உலகப் பட்டியலில் "எடிட்" போனால் பேக்கப் பொத்தான் இருக்கிறது. பெட்ராக்கில் உலக அமைப்பில் "காப்பி வேர்ல்டு". ஒரு கட்டடத்தை மட்டும் காப்பாற்ற குளோன் போதும்:

/குளோன் 100 64 200 120 80 220 100 200 200

கோபுரத்தின் ஒரு பிரதி அப்படியே வானத்தில், 200 உயரத்தில் நிற்கும். கீழே எதை வேண்டுமானாலும் செய்து பாருங்கள். பிடிக்கவில்லையா, திரும்ப இறக்குங்கள்:

/குளோன் 100 200 200 120 216 220 100 64 200

கடைசி மூன்று எண்கள் போய்ச் சேரும் இடத்தின் மிகச் சிறிய எண்கள் உள்ள மூலை. ஜாவாவில் குளோனுக்கும் அதே 32,768 வரம்புதான். வேலை முடிந்ததும் வானத்துக் கோபுரத்தைக் காற்றாக்கி அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் அதன்மேல் யாராவது வீடு கட்டியிருப்பார்கள்.

உண்டியலாக வைத்த பெட்டிக்குள் இருந்த வைரங்கள் எங்கே போயின?

அந்த செஸ்ட் பெட்டியையே மாற்றிவிட்டிருக்கிறீர்கள். ஃபில் கட்டளை ரீப்ளேஸ் முறையில் ஒரு பெட்டியை மாற்றினால் உள்ளே இருந்தவை கீழே சிந்தாது, மறைந்துவிடும். அறிவிப்புப் பலகையில் எழுதிய எழுத்தும் அப்படித்தான். வடிகட்டியில் "செஸ்ட்" இல்லாதவரை பெட்டிக்கு ஆபத்தில்லை.

ஏரியின் தண்ணீரை எடுத்தால் திரும்பத் திரும்ப வருகிறது. கரும்பும் உதிர்கிறது.

கிராண்ட் பாசின் ஏரியைச் செய்துவிட்டு அதைச் சிறிதாக்க நினைத்த பிள்ளைகள் கேட்டது இது. "ஏர் ரீப்ளேஸ் வாட்டர்" என்று போட்டால் பெட்டிக்குள் இருக்கும் தண்ணீர் போகும். பெட்டிக்கு வெளியே மிச்சம் இருக்கும் தண்ணீர் உள்ளே பாயும். பெட்டி ஏரியின் கரைவரை முழுக்க அடக்க வேண்டும், அல்லது முதலில் கண்ணாடியால் ஓர் அணை போட்டுவிட்டு உள்பக்கத்தை மட்டும் காலி செய்ய வேண்டும். பெட்ராக்கில் ஓடும் தண்ணீருக்கு "ஃப்ளோயிங்_வாட்டர்" என்று தனிப் பெயர், அதற்கும் ஒரு கட்டளை வேண்டும். படி, வேலி போன்றவற்றுக்குள் தேங்கிய தண்ணீர் இந்த வடிகட்டியில் சிக்காது.

கரும்பு விஷயம் எளிது. அதன் அடிமண்ணை ஒட்டித் தண்ணீர் இருந்தால்தான் கரும்பு நிற்கும். வாய்க்காலைக் கல்லாக்கினால் தோட்டம் முழுக்க உதிர்ந்து பொருளாகக் கொட்டும், போன் திணறும். கொட்டியதை அள்ள:

/கில் @இ[டைப்=ஐட்டம்]

விளையாட்டு அப்போது ஏற்றி வைத்திருக்கும் பகுதியில் தரையில் கிடக்கும் பொருள் எல்லாம் போய்விடும். நண்பன் கீழே போட்டுவைத்த வாளும்தான்.

ஒரே கட்டளையில் பல வகைகளை மாற்ற முடியுமா?

ஜாவாவில் முடியும். # போட்டுக் குழுப் பெயர் சொன்னால் அந்தக் குழு முழுக்க வடிகட்டியில் சேரும். பதினாறு நிறக் கம்பளிக்கும் ஒரே அடியில் வெள்ளையடிக்க:

/ஃபில் 100 64 200 120 80 220 வைட்_கான்கிரீட் ரீப்ளேஸ் #வுல்

இலைகளுக்கு #லீவ்ஸ், மரத்தண்டுகளுக்கு #லாக்ஸ். பெட்ராக்கின் ஃபில் கட்டளையில் இந்த வசதி இல்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாகத்தான்.

"நோ பிளாக்ஸ் வேர் ஃபில்டு" என்றால்?

பெட்டிக்குள் நீங்கள் சொன்ன பழைய பிளாக் இல்லை என்று அர்த்தம். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும் கற்களில்தான் இது அதிகம் நடக்கும்: ஸ்டோன் வேறு, ஸ்மூத்_ஸ்டோன் வேறு, கபுள்ஸ்டோன் வேறு. உயரம் 0-க்குக் கீழே போனால் நீங்கள் பார்க்கும் கல் ஸ்டோனே அல்ல, டீப்ஸ்லேட்.

"தட் பொசிஷன் இஸ் நாட் லோடட்" என்றால் நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள். கட்டடத்துக்கு அருகே போய்ப் போடுங்கள். பெட்ராக்கில் இதே சிக்கலுக்கு உலகத்துக்கு வெளியே பிளாக் வைக்க முடியாது என்ற செய்தி வரும். பயப்பட ஒன்றுமில்லை, அதுவும் இதே கதைதான்.

நடந்து போகும் வழியெல்லாம் பாதை போடச் செய்யலாமா? காவடி ஊர்வலத்துக்கு வேண்டும்.

செய்யலாம், பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். முதலில் உங்கள்மேல் ஓர் அடையாளம் ஒட்டுங்கள்:

/டேக் @எஸ் ஆட் காவடி

பிறகு "/கிவ் @எஸ் கமாண்ட்_பிளாக்" போட்டு ஒரு கமாண்ட் பிளாக் (உள்ளே எழுதிய கட்டளையைத் தானே போடும் பிளாக்) எடுத்து வைத்து, அதை ரிப்பீட், ஆல்வேஸ் ஆக்டிவ் என்று மாற்றி உள்ளே இதை எழுதுங்கள்:

எக்ஸிக்யூட் அட் @ஏ[டேக்=காவடி] ரன் ஃபில் ~-1 ~-1 ~-1 ~1 ~-1 ~1 ஸ்மூத்_சாண்ட்ஸ்டோன் ரீப்ளேஸ் கிராஸ்_பிளாக்

நடக்க நடக்கக் காலடியில் மூன்று பிளாக் அகலத்துக்குப் புல் மட்டும் மணற்கல்லாகும். அடையாளம் ஒட்டாமல் வெறும் @ஏ என்று எழுதினால் உலகத்தில் இருக்கும் எல்லோர் காலடியிலும் பாதை விழும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பூந்தோட்டம் பாழாகி, பஞ்சாயத்து உங்களிடம்தான் வரும். ஊர்வலம் முடிந்ததும் கமாண்ட் பிளாக்கை உடைத்துவிடுங்கள்.

வேர்ல்டுஎடிட் போட்டுக்கொண்டால் இதெல்லாம் தேவையில்லையாமே?

ஜாவாவில் வேர்ல்டுஎடிட் அருமையான கருவிதான். மரக் கோடரியால் இரண்டு மூலையைத் தொட்டால் போதும், //அன்டூ இருக்கிறது, //ரீப்ளேஸ் போடும்போது புதிய பிளாக்கின் முன்னால் ^ குறி சேர்த்தால் படிகளின் திசையும் மாறாமல் வரும். நகரம் கட்டுபவர்களுக்கு அது இல்லாமல் ஆகாது.

ஆனால் அதற்குத் தனி மென்பொருளை நிறுவ வேண்டும், விளையாட்டின் பதிப்போடு அது பொருந்த வேண்டும், போனில் அது ஓடாது. ஒரு கோவிலுக்கு ஃபில்லும் குளோனும் தாராளம். கற்றுக்கொள்ளும் பிள்ளை முதலில் அன்டூ இல்லாமல் பழகட்டும் என்பது என் கட்சி. பெட்டியை மனதில் பார்த்து, வடிகட்டியை யோசித்து எழுதும் பழக்கம் அப்போதுதான் வருகிறது.

சீட்ஸ் என்றால் ஏமாற்று வேலைதானே? பிள்ளையை விடலாமா?

பெயர்தான் அப்படி. தனி உலகத்தில் கட்டுவதற்குக் கட்டளை போடுவதால் யாரையும் ஏமாற்றவில்லை, வைரஸும் வராது. மற்றவர்களோடு போட்டியாக ஆடும் உலகத்தில் அனுமதி இல்லாமல் போட்டால்தான் தவறு.

ஒரே ஒரு பிளாக்கை மாற்ற வேண்டுமானால்?

செட்பிளாக் என்று ஒரு கட்டளை உண்டு. கோபுரத்தின் உச்சியில் ஒரு தங்கக் கலசம் வைக்க:

/செட்பிளாக் 110 81 210 கோல்டு_பிளாக்

ஆனால் "அங்கே காற்று இல்லாமல் குறிப்பிட்ட ஒரு பிளாக் இருந்தால் மட்டும் மாற்று" என்று இதில் சொல்ல முடியாது. அதற்கும் ஃபில்தான், ஒரே மூலையை இரண்டு முறை எழுதிவிட்டால் பெட்டி ஒரு பிளாக் அளவுக்குச் சுருங்கிவிடும்:

/ஃபில் 110 81 210 110 81 210 கோல்டு_பிளாக் ரீப்ளேஸ் எல்லோ_கான்கிரீட்